நித்திரையிலும் இறங்காத நாடி

என் மகள் சுகந்திக்கு நரம்புத் தளர்ச்சி இருக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். ஐந்து மாதமாக அவளுக்கு நரம்புத் தளர்ச்சி என்றும், மனப்பதற்றம், 'ரென்ஷன்' என்றும், மனதை அடக்கத் தெரியவில்லை என்றும் சொன்னவர்கள் இன்றைக்கும் அதே கதிரைகளில் இருக்கிறார்கள். தாதியாக வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

சுகந்திக்கு இருபத்தாறு வயது. பெரியாஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வாட்டில் நேர்ஸ். நான் அவளுடைய தாய், அச்சுவேலியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மகள் தாதிமார் விடுதியில் தங்கி, ஓய்வு நாளில் மட்டும் சைக்கிளில் வீட்டுக்கு வருவாள். சண்டையால் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம் அது. முப்பது கட்டில் போட்ட வாட்டில் எழுபது பேர். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டும் ஆட்கள். பார்க்க இரண்டு நேர்ஸ். இவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சினவர்கள் காலையில் ஏழு மணிக்கு வேலைக்கு ஏறி ஒரு மணிக்கு இறங்கி, அன்றிரவே திரும்பவும் ஏழு மணிக்கு ஏறுவார்கள்.

முதலில் கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையைச் சாசரில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். பிறகு வியர்வை. மார்கழிக் குளிரிலும் அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மூன்று பேரின் சோற்றைச் சாப்பிட்டாள், ஆனாலும் மெலிந்தாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். சின்னச் சொல்லுக்கும் அழுதாள், இல்லையென்றால் எரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியர் அவளை நிமிர்ந்தும் பார்க்காமல், இந்தக் காலத்தில் யாருக்குத்தான் ரென்ஷன் இல்லை என்று சொல்லி, நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். ஸ்ரெதஸ்கோப் அவருடைய கழுத்தில்தான் தொங்கியது. அதை எடுத்து வைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இதே நாட்களில்தான் தாதிமாருக்கெல்லாம் பொறுப்பான மேற்றன் ஒரு ஏற்பாடு செய்தார். தாதிமார் மனஅழுத்தத்தால் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அவர் எழுத, அவர்கள் ஒரு பயிற்சியாளரை அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், மெதுவாகக் கதைப்பார். புதன்கிழமைதோறும் ஒன்றரை மணிக்கு, தாதிப் பயிற்சிப் பள்ளி மண்டபத்தில், முக்கால் மணித்தியாலம் தளர்வுப் பயிற்சி. பிள்ளைகள் அதை 'ரிலாக்ஸ் கிளாஸ்' என்பார்கள். காலை வேலை ஒரு மணிக்கு முடியும். இரவு வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். நடுவில் குளித்து, சாப்பிட்டு, படுக்கக் கிடைக்கிற ஆறு மணித்தியாலத்துக்குள்தான் இந்த வகுப்பு. கட்டாயம் வரவேண்டும். வரவுப் பதிவும் இருந்தது.

மூச்சுப் பயிற்சி கெட்டதென்று நான் சொல்லவரவில்லை. அதில் அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நல்ல விஷயந்தான். பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, எண்ணி, விட வேண்டும். மூச்சு வயிற்றில் இறங்கி ஏறுவதைக் கவனிக்க வேண்டும். நினைப்பு வந்தால் அதோடு சண்டை பிடிக்காமல், வானத்தில் போகும் முகிலைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூச்சுக்கு வரவேண்டும். நானும் செய்து பார்த்திருக்கிறேன், மனம் கொஞ்சம் அமரத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வானத்தில் முகில் மட்டுமா போனது? ஒருநாள் வகுப்பு நடக்கும்போது குண்டுபோடுகிற பொம்பர் விமானம் வந்து சுற்றியிருக்கிறது. பிள்ளைகள் எழும்பி பங்கருக்கு ஓடப் பார்த்தபோது, அந்தச் சத்தத்தையும் தீர்ப்புச் சொல்லாமல் கவனியுங்கள் என்றாராம். சுகந்தியோடு ஒரே வாட்டில் வேலை செய்யும் றெஜினா, "நாங்கள் தீர்ப்புச் சொல்லேல்லை சேர், அவங்கள்தான் சொல்லப்போறாங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினாளாம். அவருக்கும் பின்னால் ஓடவேண்டி வந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. நித்திரை கொள்ளக்கூடாது. நித்திரை தளர்வு இல்லையாம். அதில் விழிப்பு இல்லையாம். காலை முழுக்க நின்று, இரவும் நிற்கப்போகிற பிள்ளையைப் பாயில் படுக்கவைத்து, கண்ணை மூடு, உடம்பை விடு, மூச்சை மெதுவாக விடு என்று சொன்னால் அவள் வேறென்ன செய்வாள்? வரிசை வரிசையாகக் குறட்டை விட்டார்கள். மேற்றன் கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றோடு வரிசைகளுக்கு நடுவே நடந்து, தூங்கினவர்களின் உள்ளங்காலில் தட்டி எழுப்பினார். மனஅழுத்தம் குறைப்பதற்காக.

இதையெல்லாம் மகள் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. படித்த மனிதர், நல்லதுக்குத்தானே சொல்கிறார், நீதான் ஒழுங்காகச் செய்வதில்லை என்றேன். ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்தவளை ஐந்து மணிக்கு எழுப்பி முற்றத்தில் இருத்தி மூச்சு விடச் சொன்னேன். தேத்தண்ணி நரம்பைக் கிளப்பும் என்று அதையும் நிறுத்தினேன். அவள் மறுக்கவில்லை. கண்ணை மூடி இருந்தாள். மடியில் வைத்திருந்த கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அந்தப் புதன்கிழமை பாடசாலையில் லீவு போட்டுவிட்டு, சோறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை வாட்டால் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் ஒரு வாங்கில் இருந்தேன். மேற்றன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு இரண்டிரண்டு பேராக இருத்தி ஒரு புதுப் பயிற்சி. ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இருவர் மூச்சும் ஒன்றாகும்வரை இருக்க வேண்டும். சுகந்தி சுவரில் சாய்ந்திருந்தாள். எதிரே றெஜினா. மயிலிட்டிப் பிள்ளை. சண்டையில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து வந்து, தாயோடும் தங்கைகளோடும் ஒரு பாடசாலை வகுப்பறையில் இருக்கிறாள். அவளுடைய வாய்க்கு மேற்றனும் பயம்.

ஒரு நேர்ஸிடம் ஒருவரின் மணிக்கட்டைக் கொடுத்தால் என்ன செய்வாள்? மூன்று விரலும் தானாகவே நாடியில் போய் நிற்கும். கண் தானாகவே சட்டையில் குத்தியிருக்கிற மணிக்கூட்டுக்குப் போகும். வருடக்கணக்கான பழக்கம். சுகந்தி இரண்டு நிமிடத்தில் நித்திரையாகிவிட்டாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. அடிமட்டம் வந்துவிடும் என்று றெஜினா தன் தோளால் அவளை மறைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தவளின் முகம் மாறியது. திரும்பவும் முழு நிமிடம் எண்ணினாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"நூற்றி முப்பது."

பயிற்சியாளர் கண் திறக்காமலே, "எண்ண வேண்டாம், உணருங்கள்" என்றார்.

"சேர், இவள் நித்திரை. நித்திரையிலை நூற்றி முப்பது."

மேற்றன் அடிமட்டத்தோடு வந்தார். "றெஜினா, நீர் வாயை மூடும். இது வாட்டில்லை."

"வாட்டெண்டால் இந்த நேரத்துக்கு நாங்கள் டொக்ரருக்கு ஆள் அனுப்பியிருப்பம், மேற்றன்."

மேற்றன் குனிந்து சுகந்தியின் உள்ளங்காலில் தட்டினார். என் பிள்ளை திடுக்கிட்டு விழித்து, மேற்றனிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அந்த வாங்கில்தான் இருந்தேன். எழும்பவில்லை. வகுப்பு முடியட்டும் என்று இருந்தேன். இருபத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு, வகுப்பைக் குழப்பக்கூடாது என்ற பயம் பிள்ளையைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

றெஜினா காத்திருக்கவில்லை. சுகந்தியைக் கையில் பிடித்து எழுப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ரீச்சர், ரென்ஷன் உள்ளவைக்கு நித்திரை கொள்ளேக்கை நாடி இறங்கும். எழுபது எண்பதுக்கு வந்திடும். இவளுக்கு இறங்கேல்லை. இது வேறை என்னவோ. எழும்புங்கோ" என்றாள். படிவம் நிரப்பி வெளிநோயாளர் பிரிவு வழியாகத்தான் போகவேண்டும் என்று மேற்றன் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். படிவத்தை நீங்களே நிரப்பி வையுங்கள், வந்து ஒப்பம் வைக்கிறோம் என்று றெஜினா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

பொது வைத்திய நிபுணர் அப்போதுதான் வாட்டுச் சுற்றி முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். முதலில் சுகந்தியின் உள்ளங்கைகளைத் தொட்டார். பயத்தில் வியர்க்கிற கை குளிர்ந்திருக்கும், இது சூடாக வியர்க்கிறது என்றார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளைப் போட்டார். தாள் காற்றில்லாமலே படபடத்தது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே மெல்லிய வீக்கம் ஒன்று ஏறி இறங்கியது. ஐந்து மாதமாக அந்தக் கழுத்து என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

அவர் எனக்கு விளங்கச் சொன்னார். கழுத்தில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இவளுக்கு அது அளவில்லாமல் சுரக்கிறது. அதனால்தான் தின்பதெல்லாம் எரிந்துபோகிறது, இதயம் ஓடுகிறது, கை நடுங்குகிறது, மனமும் கொதிக்கிறது. உறுதிப்படுத்துகிற இரத்தச் சோதனை இங்கே இல்லை. தரைப்பாதை மூடிக்கிடப்பதால் இரத்தத்தைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரை காத்திருக்கப் போவதில்லை என்றார். பிறகு கேட்டார்:

"இவ்வளவு நாளும் என்ன வைத்தியம் செய்தனீங்கள்?"

மூச்சுப் பயிற்சி என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மருந்து எழுதத் தொடங்கினார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் வேலை செய்த வாட்டிலேயே அவளை அனுமதித்தார்கள். முதல் நாள் கட்டில் இல்லை. கீழே பாயில் கிடந்தாள். அன்று மாலையே தொண்டை நோவோடு காய்ச்சல் தொடங்கியது. சாதாரணக் காய்ச்சல் இந்த நோய்க்காரருக்குச் சாதாரணமில்லை. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினமாதிரி, சுரப்பி கட்டுமீறிவிடும். மூன்றாம் நாள் நாடி நூற்றி அறுபதுக்கு மேலே போனது. அவளுக்கு ஆள் தெரியவில்லை. எழும்பி உட்கார்ந்து, அடுத்த பாயில் கிடந்த கிழவியிடம், சேலைனை இழுக்காதையுங்கோ, அசையாமல் படுங்கோ என்று அதட்டினாள். காய்ச்சலில் பிதற்றும்போதும் அவள் வேலைதான் செய்தாள். நிபுணர் என்னை வெளியே கூப்பிட்டு, நாளைக்கு இந்த நேரம்வரைக்கும் இதயம் தாங்கினால் பயமில்லை, அதற்கு முன் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

சுரப்பியை அடக்குகிற குளிசை ஆஸ்பத்திரி மருந்துக் களஞ்சியத்தில் நாலு நாளுக்குத்தான் இருந்தது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து இறங்கின பிள்ளைகள், படுக்கப் போகாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி, சுன்னாகம், அச்சுவேலி என்று ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் றெஜினா தான் இருக்கிற பாடசாலையில் வகுப்பறை வகுப்பறையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மயிலிட்டிப் பெண் ஒருத்திக்கு இதே நோய். தன்னிடமிருந்த குளிசைகளைப் பாயில் கொட்டி, இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நாங்கள் யாரென்றே தெரியாது.

பெண்கள் வாட்டுக்குள் ஆண்கள் இருக்கக்கூடாது. என் கணவர் அச்சுவேலியிலிருந்து தினமும் கஞ்சியோடு சைக்கிளில் வந்து, வெளியே யன்னலடியில் நிற்பார். மகளுடைய உடம்பைக் குளிர வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும், எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து யன்னலில் கட்டினார். கிணற்றில் அள்ளி அள்ளி அந்தச் சாக்கை நனைத்தபடியே இருந்தார். அந்தச் சாக்கால் வந்த காற்று மட்டும்தான் அந்த வாட்டில் குளிர்ந்த காற்று. பொழுதுபட்டதும் காவலாளி போகச் சொன்னான். விடிய வந்து முதல் வேலையாக வாளியை எடுத்தார். மனுஷன் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் கதைத்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நிபுணர் சொன்ன நேரம் கடந்தது. நாடி நூற்றி நாற்பதுக்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சுகந்தி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, தன் இடத்தில் வாட்டை யார் பார்க்கிறார்கள் என்று.

அதற்கும் ஒரு கிழமை கழித்து மேற்றன் பார்க்க வந்தார். நல்ல காலம் என்றார். யாருடைய நல்ல காலம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் போனபிறகு றெஜினா சொன்னாள், நடுவில் ஒரு புதன்கிழமை வந்துபோனதாம், வகுப்புப் பதிவில் சுகந்திக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டிருக்கிறதாம். "கட்டிலிலை கிடந்த தளர்வு போதாதாம், ரீச்சர்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். அவளும் அன்று காலையும் இரவுமாக நின்றவள்.

பயிற்சியாளரும் வந்தார். கையில் நாலு தோடம்பழம். நோயைப் பற்றி விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். நோய் தெரியவந்தது தங்கள் வகுப்பில்தானே, இரண்டு பந்தி எழுதித் தந்தால் நிறுவனத்துக்கு அனுப்புகிற அறிக்கையில் சேர்க்கலாம், வகுப்பை இன்னும் ஒரு வருடம் நீடிக்க உதவும் என்றார்.

"ஓம், எழுதித் தாறன். நாடியை எண்ணின பிள்ளைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டும் எழுதட்டோ?"

அவருடைய முகம் கறுத்தது. கோபம் எனக்குத்தான் கெடுதல் செய்யும் என்றும், ஐந்து தரம் மூச்சை ஆழமாக இழுத்து விட்டுப் பார்க்கும்படியும் அமைதியாகச் சொன்னார். அவர் வாட்டு வாசல் தாண்டும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். விட்டிருந்தால் என்ன சத்தம் வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விடத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது வாட்டுக்கு இன்னும் நாலு பேர். அது இப்போது முடியாதென்றால், அந்த முக்கால் மணித்தியாலம் ஒரு பாயும், தட்டி எழுப்பாத ஒரு கதவும் போதும். மேற்றனிடம் நேரே போய் இதைக் கேட்டேன். தாதிமார் படுத்து நித்திரை கொள்ள ஆஸ்பத்திரி மடமா என்று கேட்டார். வகுப்பு இன்றும் நடக்கிறது.

இரண்டு மாதமாக மகள் வீட்டில் இருக்கிறாள். குளிசை ஒன்றரை வருடம் போடவேண்டும். உடம்பு வைத்திருக்கிறது. அவள் தேறி எழும்பினபிறகுதான் கொழும்பிலிருந்து இரத்தச் சோதனை முடிவு வந்தது, நிபுணர் சொன்ன அதே நோய் என்று. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பப் போகிறாள். வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

நேற்று இதுவரை எழுதினதை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். முழுவதும் வாசித்துவிட்டு, தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"மேற்றனுக்கு ஏசியிருக்கிறியள். அந்த மனுஷனுக்கு ஏசியிருக்கிறியள். அவைக்கு என்னைத் தெரியாது, அம்மா. உங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஏன் எழுதேல்லை?"

நான் மறந்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதுகிறேன்.

அந்தப் புதனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு. பின்னேரம் திரும்பிப் போகவேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பைத் தலைக்குக் கொண்டுபோனவள், பாதியில் கையை இறக்கிவிட்டாள். திரும்பவும் தூக்கினாள். முடியவில்லை. அம்மா, கையைத் தூக்கேலாமல் கிடக்கு, இண்டைக்கு நான் போகேல்லை, ஒருக்கால் தலை இழுத்துவிடுங்கோ என்றாள். இந்த நோய் தோள் தசைகளையும் அரித்துவிடும் என்று பிறகு நிபுணர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றுமில்லை. ஆனால் ஒரு தாய்க்குச் சீப்பைக் கையில் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்:

"வேலைக்குக் கள்ளம் அடிக்காதை. வெளிக்கிட்டுப் போ."

அவள் சீப்பை வைத்துவிட்டு, கலைந்த தலையை அப்படியே ஒரு றப்பர்பாண்டில் கட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்தாள். படலை சாத்தின சத்தம் கேட்டது. நான் அடுத்த தாளை எடுத்தேன்.